பெருங்காயப் பெட்டியின் வலது கை

போன மாதம் உங்கள் வடிவமைப்பு அலுவலகத்துக்கு என்னை அழைத்திருந்தீர்கள். வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் தனி விளக்கு போட்டு, நான் நாற்பது வருஷத்துக்கு முன்னால் வரைந்த பெருங்காயப் பெட்டி ஒன்றை வைத்திருந்தீர்கள். கீழே ஒரு சீட்டு: ‘காலத்தை முந்திய வடிவமைப்பு’. உங்களில் ஒருவர் அந்தப் பெட்டியில் எழுத்துக்கும் விளிம்புக்கும் நடுவே விட்டிருக்கும் வெற்றிடத்தின் மகிமையை என்னிடமே பத்து நிமிடம் விளக்கினார். நான் தலையாட்டினேன். வயதானவர்கள் தலையாட்டுவதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்தப் பெட்டி விற்கவில்லை. நன்றாக வரைந்திருந்ததால் விற்கவில்லை. ஒருவருடைய வேலையும் அதனால் போனது. சீட்டில் இதற்கு இடம் இருந்திருக்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

லேபிள் வரைய வருவதற்கு முன்னால் எறணாகுளத்தில் ஒரு பத்திரிகையில் எட்டு வருஷம் இருந்தேன். பக்கம் கட்டுவது, படங்களைச் சரிபார்ப்பது என் வேலை. நெகடிவைத் திருப்பி வைத்துவிட்டால் கொடியேற்றுகிறவர் இடது கையால் ஏற்றுவார். சட்டைப் பை வலப்பக்கம் போய்விடும். காலையில் வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். அதனால் எந்தப் படத்தைக் கொடுத்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கைகளைப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. இதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில் ஓர் அச்சகத்தில் லேபிள் ஓவியனாகச் சேர்ந்தேன். தேயிலை, குடை, ஊதுபத்தி, பப்படம், அரப்புப் பொடி என்று கொச்சியில் பொட்டலம் கட்டப்படும் எல்லாவற்றுக்கும் முகம் வரைகிற இடம். எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர் ஒரு பெருங்காய முதலாளி. மூன்று தலைமுறைக்கு முன்னால் தென்காசிப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவார்கள். கோபம் வந்தால் மலையாளம்.

அவருடைய பெருங்காயம் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அட்டைப் பெட்டியில் வந்தது. மஞ்சள் பின்னணி. நடுவில் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் ஒரு பெண். இடது கையில் பெருங்காயப் பெட்டியை ஏந்தியிருக்கிறாள். வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை நம் பக்கம் விரித்துக் காட்டுகிறாள். வாழ்த்துகிறாளா, பேருந்தை நிறுத்துகிறாளா என்று சொல்ல முடியாது. பெட்டியில் நிறுவனத்தின் பெயரும் பெரிதாக அச்சாகியிருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. கடையில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை என்பதால் உங்களுக்கு நஷ்டமில்லை.

இப்போது உங்கள் வலது கையை, உள்ளங்கை முன்னால் தெரியும்படி தூக்குங்கள். கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது? உங்கள் முகத்தின் பக்கம். அந்தப் பெண்ணுக்கு வெளிப்பக்கம் இருந்தது. அதாவது வலது தோளில் ஓர் இடது கை முளைத்திருந்தது. முதல் நாள் பெட்டியைக் கையில் எடுத்த மூன்றாவது நொடியில் நான் அதைக் கண்டுபிடித்துவிட்டேன். யாரோ பெயர் தெரியாத ஓவியர் இருபது வருஷத்துக்கு முன்னால் செய்த பிழை. முதலாளியிடம் சொல்லவில்லை. சமயம் வரும்போது திருத்திக் கொடுத்து ஆச்சரியப்படுத்தலாம் என்றிருந்தேன்.

சமயம் பம்பாயிலிருந்து வந்தது. முதலாளியின் மருமகன் அங்கே ஒரு விளம்பர நிறுவனத்தில் ஒன்றரை வருஷம் இருந்துவிட்டு வந்தவர். என்ன வேலையில் இருந்தார் என்று கடைசிவரை தெரியவில்லை. பெட்டியை மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னதும், பஜார் ரோட்டில் முதலாளியின் பாண்டிகசாலை மாடியில் கூட்டம் கூடியது. கீழே மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் சரக்குக் கிட்டங்கி. மேலே பேசுகிறவர்கள் எல்லோரும் இடையிடையே தும்முவார்கள். முதலாளி, மருமகன், கணக்கர், குடும்ப ஜோதிடர், நான். பெட்டியைக் கடை கடையாகக் கொண்டுபோய் விற்கிற பாலன் மட்டும் இல்லை. அவர் கடைகளில் இருந்தார். கூட்டத்துக்கு வரும்படி யாரும் சொல்லவில்லை.

“மாடர்னா இருக்கணும். ஸ்பேஸ் வேணும். இந்தப் பெட்டியில மூச்சு முட்டுது” என்றார் மருமகன்.

“ஸ்பேஸ்னா?” என்றார் முதலாளி.

“வெறும் இடம், மாமா.”

“வெறும் இடத்துக்கு எதுக்கு மை? பின்னே அதில நம்ம போன் நம்பர் போடலாமே.”

ஜோதிடர் வட்டம் சற்றுக் கிழக்கே நகர வேண்டும் என்றார். பெட்டியில் கிழக்கு எது என்று நான் கேட்டேன். கடையில் எந்தப் பக்கம் பார்த்து வைக்கிறார்களோ அதைப் பொறுத்தது என்று பதில் வந்தது. கணக்கர், அந்தப் பெண் சற்றுச் சிரித்தால் நன்றாக இருக்கும் என்றார். அவருக்கு ரொம்ப நாளாக அந்த ஆசை இருந்தது போலிருந்தது.

அந்தக் கையைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. யோசித்துப் பாருங்கள்: துண்டைப் போர்த்தி, அதற்கடியில் விரலைத் தொட்டுத் தொட்டு விலை பேசுகிற தெரு அது. ஒரு விரல் இடம் மாறினால் ஒரு வண்டிச் சரக்கு கை மாறிவிடும். அப்படிப்பட்டவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலிருந்த விரலை இருபது வருஷமாகப் பார்க்கவில்லை. நான் பார்த்திருந்தேன். கூட்டத்தில் எனக்கிருந்த மிதப்புக்கு அதுதான் காரணம்.

எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தேன். மஞ்சளும் சிவப்பும் அப்படியே இருந்தன. மருமகனுக்கு வெற்றிடம், ஜோதிடருக்கு வட்டத்தில் நூலளவு நகர்வு, கணக்கருக்குச் சிரிப்பு. எனக்கு அந்தக் கை. கட்டைவிரலை முகத்தின் பக்கம் கொண்டுவந்து, ரேகைகளை ஒழுங்குபடுத்தி, மணிக்கட்டில் ஒரு வளையல் போட்டேன். என் வாழ்நாளில் அதைவிடச் சரியான கையை வரைந்ததில்லை. அந்த வருஷமே ஒரு கிளப்பில் அதற்குப் பரிசும் கொடுத்தார்கள். வெள்ளைத் துணி விரித்த மேஜையில், குழல்விளக்குக்குக் கீழே பெட்டியை வைத்து மூன்று நடுவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். மூவரில் ஒருவராவது எப்போதாவது கடைக்குப் போய்ப் பெருங்காயம் வாங்கியிருப்பாரா என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை.

புதுப் பெட்டி கடைகளுக்குப் போய் ஐந்தாவது வாரம் சரக்கு திரும்பி வரத் தொடங்கியது. ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது. வீடுதோறும் சாம்பாரும் ஊறுகாயும் போடுகிற காலத்தில் பெருங்காயம் விற்கவில்லை என்றால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். மாடியில் அவசரக் கூட்டம். இந்த முறை பாலனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பாலன் பாலக்காட்டுத் தமிழர். நாற்பது வயது. கையில் எப்போதும் ஒரு தோல் பை. அதில் மாதிரிப் பெட்டிகள். வைப்பின், கும்பளங்கி, போர்ட் கொச்சி என்று படகிலும் சைக்கிளிலும் பதினான்கு வருஷமாகச் சுற்றுகிறவர். ஒவ்வொரு கடைக்காரரின் பிள்ளைகள் எந்த வகுப்பு படிக்கிறார்கள் என்று தெரியும்.

“என்னடே பாலா, டூப்ளிகேட்காரன் எத்தர தந்தான் உனக்கு?” என்றார் முதலாளி, எடுத்த எடுப்பில்.

எங்கள் பெட்டியைப் போலவே செய்து விற்கும் போலிகள் அப்போது நாலைந்து சுற்றிக்கொண்டிருந்தன. பாலன் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டார் என்பது அந்த மாடியில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

“முதலாளி, பதினாலு கொல்லமா உங்க உப்பைத் தின்னவன் நான். ஜனங்க பெட்டியக் கையில எடுக்குது, பாக்குது, வெச்சுட்டுப் போகுது. என்னன்னு கேட்டா, அந்தப் படத்தில உள்ள...”

“படத்தைப் பத்திப் பேச வேண்டாம் பாலன். அது பிரைஸ் வாங்கின படம்” என்றார் மருமகன்.

பாலன் என்னைப் பார்த்தார். “சாரே, நான் குற்றம் சொல்லலை. அந்தக் கை...”

“அதெல்லாம் அப்புறம் பேசலாம் பாலன்” என்றேன் நான்.

இதை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. நாற்பது வருஷத்தில் இந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாக மாற்றி நினைத்துப் பார்த்திருக்கிறேன்; ஒவ்வொரு முறையும் அது அப்படியேதான் வருகிறது. கையை அவர் பாராட்ட வருகிறார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு நல்ல கை.

“பையை வெச்சுட்டுப் போ” என்றார் முதலாளி.

பாலன் பையை மேஜைமேல் வைத்தார். பிறகு அதைத் திறந்து, மதியச் சோற்றுக்கான தூக்குப் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் காலை நான் வைப்பினுக்குப் படகேறினேன். பாலனுக்காகப் போனேன் என்று எழுதினால் இந்தக் கதை இன்னும் அழகாக இருக்கும். உண்மையில் என் பெட்டிக்காகப் போனேன். குற்றம் படத்தில் இல்லை, விற்பனையில்தான் என்று எனக்கு நானே நிரூபிக்க வேண்டியிருந்தது. ஏதாவது ஒரு கடையில் அரை நாள் நின்று, வருகிறவர்கள் செய்வதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தால் போதும். பத்திரிகைக்காரனுக்கு அது தெரியும்.

படகுத்துறைக்குப் பக்கத்தில் ஔசேப்பு சேட்டனின் பலசரக்குக் கடை. உள்ளே நல்ல வெளிச்சத்துக்கு வழியில்லை. பொருட்கள் நூலில் தொங்கின, சாக்குகளுக்கு நடுவே செருகியிருந்தன. வாங்குகிறவர்கள் வெளியே நாலடி தள்ளி நின்று, வேண்டியதை வாயால் கேட்டார்கள். ஒருவரும் எதையும் வாசிக்கவில்லை. ‘குருவி சோப்பு’ என்றார்கள். அதில் இருந்தது அன்னம். ‘நீல ராணி’ என்றார்கள்; அது துணிக்குப் போடும் நீலம், அதன்மேல் இருந்தது ஒரு நாடக நடிகர். இரண்டு மணி நேரத்தில் என் நோட்டுப் புத்தகம் இப்படிப்பட்ட பெயர்களால் நிறைந்தது. தயாரித்தவர்களுக்கு இந்தப் பெயர்களில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது. அவர்கள் ஒரு பெயரைப் பெட்டியில் அச்சடித்தார்கள். வாங்குகிறவர்கள் படத்தைப் பார்த்து வேறொன்றை வைத்துக்கொண்டார்கள். எந்தப் படத்துக்கு அப்படி ஒரு பெயர் விழுந்ததோ அந்தப் பெட்டி நூலில் தங்கவில்லை. நல்ல லேபிள் எது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் நான் சொல்வது இதுதான்: பார்க்காத ஒருவருக்கு வாயால் சொல்லி அனுப்ப முடிகிற லேபிள்.

எங்கள் புதுப் பெட்டிகள் முன்வரிசையில் தொங்கின. தூசி படிந்திருந்தது. வெற்றிடத்தில் தூசி நன்றாகத் தெரியும் என்பதை உங்கள் நண்பர் என்னிடம் விளக்கவில்லை.

பதினொரு மணிக்கு ஒரு பெண் மீன் கூடையோடு வந்தாள். “சேட்டா, கை திரிஞ்ஞ சேச்சி ஒரெண்ணம்” என்றாள்.

கை திரும்பிய அக்கா ஒன்று. ஔசேப்பு சேட்டன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கல்லாவுக்கு அடியிலிருந்து பழைய பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “இது கடைசி மூணுல ஒண்ணு, மேரி” என்றார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெண் வந்து அதையே கேட்டாள். இந்த முறை அவர் நூலிலிருந்து புதுப் பெட்டியை அறுத்து நீட்டினார். “இது மதியோ? புதியதாணு.” இது போதுமா, புதுசு என்கிறார்.

அவள் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, தன் வலது கையைத் தூக்கி, பெட்டியில் இருந்த கையோடு ஒத்துப் பார்த்தாள். உடனே பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“ஐயோ, வேண்டா. இது கள்ளனாணு.”

ஏன் போலி என்கிறாள் என்று கேட்டேன். நான் ஊருக்குப் புதியவன் என்று நினைத்துப் பொறுமையாகச் சொன்னாள்: கல்யாணமாகி வந்த வாரமே மாமியார் காட்டிக் கொடுத்துவிட்டாராம். இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் அப்படித்தானாம். பெண்ணின் கை தப்பாக இருந்தால் நல்ல பெருங்காயம். சரியாக இருந்தால் மாவு.

“கள்ளன்மாரல்லே கை நேரே வரைக்கணது?” என்றாள் போகும்போது. கையைச் சரியாக வரைவது திருடர்கள்தானே.

நூலில் தொங்கிய போலிப் பெட்டிகளை அப்போதுதான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலு போலி. நாலிலும் கட்டைவிரல் முகத்தின் பக்கம். திருடர்கள் நல்ல ஓவியர்களை வைத்திருந்தார்கள். என்னைப் போலவே அவர்களும் பிழையைப் பார்த்திருக்கிறார்கள். என்னைப் போலவே பொறுக்க முடியாமல் திருத்தியிருக்கிறார்கள். ஆறாவது போலியை நான் வரைந்து கொடுத்து, அதற்குப் பரிசும் வாங்கியிருந்தேன். ஐந்தாவது போலி எங்கே என்று கேட்காதீர்கள். அதே வாரத்தில் போர்ட் கொச்சியில் கிடைத்தது.

திரும்பி வரும் படகில் மூன்று விதமான அறிக்கைகளை மனதில் தயாரித்தேன். முதலாவது: மருமகன் கேட்ட வெற்றிடத்தால் வாடிக்கையாளர்கள் குழம்பிவிட்டார்கள். இரண்டாவது: ஜோதிடர் வட்டத்தை நகர்த்தியதால். மூன்றாவது: பழைய பெட்டிமேல் மக்களுக்குள்ள பிரியத்தால். மூன்றும் நம்பும்படி இருந்தன. மூன்றிலும் என் பெயர் இல்லை. பத்திரிகையில் தப்புச் செய்தி முதல் பக்கத்தில் வரும். அதற்கான வருத்தம் உள்பக்கத்தில், கொசு அளவு எழுத்தில் வரும். எட்டு வருஷம் அந்தக் கொசு எழுத்தை நானேதான் இடம் பார்த்துச் செருகியிருக்கிறேன். மூன்றாவது அறிக்கையைச் சொல்லியிருந்தால் பழைய பெட்டி திரும்பி வந்திருக்கும். வியாபாரமும் வந்திருக்கும். பாலன் மட்டும் திருடன் என்று பெயர் வாங்கியபடியே வெளியில் இருந்திருப்பார்.

படகு கரையை இடித்தபோது நாலாவதை, நடந்ததை அப்படியே, சொல்வதென்று இருந்தேன். படியேறும்போது மீண்டும் மூன்றாவது நல்லதாகத் தோன்றியது. மாடியில் பாலனின் தோல் பை வைத்த இடத்திலேயே இருந்தது. யாரோ அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்திருந்தார்கள்.

“முதலாளி, பாலன்மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது. உங்கள் வலது கையை இப்படித் தூக்குங்கள்” என்றேன்.

முதலாளி தூக்கினார். என்னவென்று தெரியாமலேயே மருமகனும் தூக்கினார். கணக்கர் தூக்கினார். ஜோதிடர் பஞ்சாங்கத்தைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கினார். நீதிமன்றத்தில் சத்தியம் செய்கிறவர்களைப் போல நால்வரும் நின்றார்கள். நான் பழைய பெட்டியை நடுவில் வைத்தேன்.

கணக்கர் ஒரு முறை தும்மினார்.

“என்டெ ஈஸ்வரா” என்றார் முதலாளி. “இத்தர கொல்லமா இவளுக்கு ரெண்டும் இடது கையா?”

“ஆமாம். அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள்.”

“உனக்கு முந்தியே தெரியுமா?”

“முதல் நாளே தெரியும்.”

“தெரிஞ்சா சொல்ல வேண்டாமா?”

அவரிடம் அன்று நான் வாங்கிய மலையாளத்தை இங்கே எழுத முடியாது. மருமகன் மட்டும், இதை வைத்து ஒரு விளம்பரம் செய்யலாமே என்று ஆரம்பித்தார். முதலாளி அவர் பக்கம் திரும்பினார். அதன்பின் மருமகன் குடும்பத்தின் குடை வியாபாரத்தில் கவனம் செலுத்தினார்.

பாலனை அழைத்துவர நானே போனேன். மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் யாருடைய சரக்கையோ எண்ணிக்கொண்டு நின்றார். வந்ததும் முதலாளி கேட்டார்: “பாலா, கை சங்கதி உனக்குத் தெரியுமா?”

“தெரியாம? அதைச் சொல்லித்தானே முதலாளி கடைகடையா விக்கிறேன். ‘கையப் பாத்து வாங்கு’ன்னு.”

“பின்னே பெட்டிய மாத்தும்போ ஏண்டா சொல்லலை?”

“மீட்டிங்குக்கு என்னை விளிச்சில்லல்லோ” என்றார் பாலன். பிறகு என் பக்கம் பார்த்து, “கூப்பிட்டப்போ, அப்புறம் பேசலாம்னு சொன்னாங்க” என்றார். குரலில் சூடில்லை. அதனால்தான் இன்னும் சுடுகிறது.

பழைய பெட்டியின் அச்சு ப்ளாக்குகளை நான் புதுப் பெட்டி வந்த உற்சாகத்தில் உருக்கக் கொடுத்துவிட்டிருந்தேன். ஆகவே அந்தப் பெண்ணை மறுபடி வரைய வேண்டியிருந்தது, பிழையோடு. இது சுலபம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். முதல் தடவை வரைந்து முடித்துப் பார்த்தால் கட்டைவிரல் தானாகவே முகத்தின் பக்கம் வந்து நின்றது. இரண்டாவது தடவை கண்ணாடி முன்னால் என் கையை வைத்து வரைந்தேன். விரல் இடம் மாறியது. ஆனால் அது ஒரு நல்ல ஓவியன் வேண்டுமென்றே செய்த தப்பாக இருந்தது. அந்தப் பெயர் தெரியாத மனிதர் எந்தக் கவலையுமில்லாமல் செய்ததை, ஒன்பது நாள் பாடுபட்டும் என்னால் செய்ய முடியவில்லை.

ஓணத்துக்குப் பதினாறு நாள் இருந்தது. பாலனை அச்சகத்துக்கு வரச் சொன்னேன். மாதிரிப் படத்தை என் மேஜையிலேயே பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டுபோய், சாக்குகள் அடுக்கியிருந்த இருட்டு மூலையில் செருகி வைத்துவிட்டு, நாலடி தள்ளி வந்து நின்றார்.

“விரல் சரி. நகம் ரொம்ப நல்லா இருக்கு சாரே. கெடுக்கணும்.”

கெடுத்தேன்.

“வளையல் எதுக்கு? அவ வளையல் போட்டதே இல்லை.”

எடுத்தேன்.

“சிரிக்கிறா.”

“அது கணக்கருக்காக.”

“கணக்கரா பெருங்காயம் வாங்கறார்?”

சிரிப்பை எடுத்தேன். அவர் மறுபடி மூலைக்குப் போனார், மறுபடி நாலடி தள்ளி வந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் தப்பா வேணும்.”

“எவ்வளவு?”

“வரையறவனுக்கு அறியாம வர்ற அளவு.”

தூரிகையை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். அந்தக் கையால் நான் ஒரு கோடுகூட நேராகப் போட்டதில்லை. கட்டைவிரல் வெளிப்பக்கமாக, சற்றுக் கோணலாக, தான் எங்கே இருக்க வேண்டும் என்ற சந்தேகமே இல்லாமல் வந்து நின்றது.

பாலன் அதைச் சாக்குகளுக்கு நடுவே செருகிவிட்டு நாலடி தள்ளி நின்றார். பிறகு தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“ஆ, இப்ப சேச்சி வந்தா” என்றார்.